கொயில் போச்சு எண்டு சொல்ல முதல்

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை. கேட்டவர்களில் சிலர் எழுத்தில் தரும்படி விரும்பியதால் இப்புத்தாண்டு மலரில் இடம்பெறுகின்றது.)



இந்த மேடையில் வழக்கமாகப் படித்தவர்கள்தான் பேசுவார்கள். நான் ஏ.எல். சோதனையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஈஸ்ட் தாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் பொதி செய்யும் இயந்திரத்தில் நிற்கிறேன். செயலாளர் அண்ணை ஒரு நாள் ரெலிபோன் எடுத்து, "உமக்கு வடிவாத் தெரிஞ்ச ஒரு விஷயத்தைப் பற்றிக் கதையும், காணும்" எண்டு சொன்னார். எனக்கு வடிவாகத் தெரிந்தது பழைய கார். அதிலும் இண்டைக்கு ஒரேயொரு சாமானைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அது இக்னிசன் கொயில்.

பழைய கார் இல்லாதவர்கள் கோபிக்க வேண்டாம். கதை கொயிலைப் பற்றியது எண்டாலும், அது எங்களுடைய சட்டைப்பையில் இருக்கிற காசைப் பற்றியதும்தான். வீட்டு மூலையில் ரீ.வி.க்கு முன்னால் இருத்தி வைத்திருக்கிற எங்கட பெரியவர்களைப் பற்றியதும்தான்.

யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு மொறிஸ் மைனரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கலியாணத்துக்கும் அதுதான் வரும், ஆசுப்பத்திரிக்கும் அதுதான் வரும். அதோடு ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட். இவையெல்லாம் இங்கிலாந்தில் காட்சிச்சாலைக்குப் போன பிறகும் எங்கட ஊர் றோட்டில் உழைத்துக்கொண்டிருந்தவை. மைனர் 1948இல் வெளிவந்தது. பத்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட முதலாவது பிரித்தானியக் கார் அதுதான். இந்த ஒக்லாந்திலேயே, பன்மியூரில், டொமினியன் மோட்டர்ஸ் தொழிற்சாலையில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பொருத்தி மைனர்களை உருவாக்கினார்கள். ஆகவே ஊரில் நாங்கள் ஏறித் திரிந்த காரின் கூடப்பிறந்தது இஞ்சையும் ஓடியிருக்கு.

இன்னுமொரு விஷயம். மைனரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் சிமிர்னா என்ற துறைமுக நகரில் பிறந்தவர். இப்ப அந்த நகரின் பெயர் இஸ்மிர், துருக்கியில் இருக்கிறது. 1922இல் அங்கே யுத்தம் வந்து சேர, குடும்பத்தோடு கப்பலில் ஏற்றி மோல்ராத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். தகப்பன் அங்கேயே இறந்துபோனார். அடுத்த வருடம் தாயும் பதினாறு வயது மகனும் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிறகு அவர் இலண்டனில் பொறியியல் படித்தபோது கணக்குப் பாடத்தில் மூன்று தரம் பெயில். அகதியாக வந்த பொடியன் வரைந்த காரில்தான் நாங்கள் கோயிலுக்குப் போனோம். பெயில் விட்ட தம்பிமாரும் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கோ.

இனிக் கொயிலுக்கு வருகிறேன்.

பொனற்றைத் திறந்தால் ரின்பால் பேணியை விட ஒல்லியாக ஒரு பேணி தெரியும். அதன் தலையில் தடித்த வயர் ஒண்டும், பக்கத்தில் மெல்லிய வயர் ரெண்டும் இருக்கும். உள்ளே ஒரு இரும்புத் தண்டு. அதைச் சுற்றித் தடித்த கம்பியில் சில நூறு சுற்று, தலைமயிர் போன்ற கம்பியில் பல ஆயிரம் சுற்று. டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கிற பொயின்ற் மூடியிருக்கும்போது தடித்த கம்பியால் ஏறக்குறைய 4 அம்பியர் ஓடும், தண்டு காந்தமாகும். பொயின்ற் திறந்தவுடன் ஓட்டம் அறுந்து காந்தம் குலையும். அந்தக் குலைவில் மெல்லிய கம்பியில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பிப் பிளக்கில் பொறியாகப் பாயும். மைக்கல் பரடே 1831இல் கண்டுபிடித்த அதே விதிதான். 12 வோல்ட் பற்றறி இப்படித்தான் பெற்றோலைப் பற்ற வைக்கிறது.

நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் கொயில் 6000 பொறி குடுக்க வேணும். ஒரு மணித்தியாலம் ஓடினால் 3 இலட்சத்து 60 ஆயிரம் பொறி. இவ்வளவு உழைக்கிற சாமானுக்குள் அசையிற பாகம் ஒண்டும் இல்லை. தேய்வதற்கு ஒண்டும் இல்லை. அதனால் கொயில் லேசில் சாகாது. ஆனால் பழி மட்டும் லேசாக அதன் தலையில் விழும். கார் நிண்டால் "கொயில் போச்சு" எண்டு சொல்லுறதுதான் சுகம். கழட்டிப் பூட்டப் பத்து நிமிசம், விலையும் சொல்லலாம், ஆருக்கும் உள்ளே பார்க்கவும் ஏலாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் ஓய்வு பெறும்போது தன்னுடைய 1965ஆம் ஆண்டு மொறிஸ் மைனரை எனக்கு மலிவாகத் தந்தார். வொறண்ட் எடுத்து ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் மகளும் சான்றிங்கத்துக்குச் சாமான் வாங்கப் போனோம். தெற்கு மோட்டர்வேயில், மவுண்ட் வெலிங்டன் தாண்டின இடத்தில், நல்ல மழைக்குள், ஒரு சத்தமும் இல்லாமல் எஞ்சின் நிண்டுது. பின்னால் லொறி. அருந்தப்பில் ஓரத்துக்கு உருட்டினேன். அரை நிமிசத்தில் திரும்ப ஸ்ராட் பண்ண, ஒண்டும் நடக்காத மாதிரி ஓடிச்சுது. அடுத்த கிழமையும் அப்படியே. மகள் அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறமாட்டேன் எண்டு அழுதாள்.

ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். பொனற்றைத் திறந்து பார்த்து, "பழைய கொயில், மாற்ற வேணும்" எண்டார்கள். மாற்றினார்கள். மனைவி மட்டும், "பழைய சாமானைத் தாங்கோ" எண்டு கேட்டு வாங்கி, ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டு வைத்தா. ஊரில் அவவின்ர தாயார் எந்தத் திருத்த வேலையிலும் பழசைக் கேட்டு வாங்காமல் வரமாட்டாவாம். அந்தப் பழக்கம் எங்களுக்கு எவ்வளவு காசை மிச்சம் பிடிச்சது எண்டு பிறகு சொல்கிறேன்.

ரெண்டு கிழமை நல்லாக ஓடியது. பிறகு வேறு மாதிரி வருத்தம். அரை மணித்தியாலம் ஓடினால் இருமும், இழுக்காது, நிண்டுவிடும். இந்த முறை உடனே ஸ்ராட் ஆகாது. அரை மணித்தியாலம் ஆறவிட்டால்தான் உயிர் வரும். திரும்பக் கொண்டுபோனேன். "உந்தக் கொயிலும் பழுதாய் வந்திட்டுது" எண்டு சொல்லி, அதே மாதிரி இன்னொண்டைப் பூட்டிக் காசும் எடுத்தார்கள். மூன்று கிழமையில் திரும்பவும் அதே வருத்தம்.

எங்கட சங்கத்து உறுப்பினர் ஒருவரின் தகப்பனார் இருக்கிறார். எழுபது தாண்டியவர். சுன்னாகத்தில் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் வைத்து வாடகைக்கு ஓடி, தானே திருத்தி, பத்துப் பேருடைய காரையும் திருத்திக் குடுத்தவர். மகன் கூப்பிட்டு இஞ்சை வந்த பிறகு அவருக்கு வேலை இல்லை, பாசை இல்லை, பஸ்ஸில் போகவும் பயம். "அப்பா, நீங்கள் ஒண்டையும் தொடாமல் சும்மா இருங்கோ" எண்டு வீட்டில் அன்பாகத்தான் சொல்கிறார்கள். கோயிலில் கண்டபோது இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, கொயில் தானாச் சாகிறேல்லை. ஆர் கொண்டது எண்டு பாத்தவையே?" ஒருத்தரும் பார்க்கவில்லை எண்டேன். "அப்ப ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாரும்" எண்டார்.

அவர் இப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 1990 யூனில் திரும்பச் சண்டை தொடங்கின பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை, பற்றறிக்குத் தடை, சீமெந்துக்குத் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கண்ணுக்கு மருந்து விடுகிற மாதிரிப் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடு பிடித்த பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் வடிவாக எரியாது, பிளக்கில் கரி பிடிக்கும். நான் அப்ப குழந்தை. ஆனால் 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை திரும்ப மூடுப்பட்டபோது நான் ஏ.எல். படிக்கிற பொடியன். அந்தத் தட்டுப்பாட்டைக் கண்ணால் கண்டவன். அந்த நாளில் ஒரு கொயிலைக் கழட்டி எறிஞ்சால் அடுத்தது வாங்கக் கடையில் சாமான் இல்லை. ஆகவே ஒரு சாமான் செத்துப்போச்சு எண்டு சொல்ல முதல் அதை நிரூபிக்க வேண்டி இருந்தது. சாமான் தாராளமாகக் கிடைக்கிற நாட்டில் மாற்றிப் பார்ப்பார்கள். கிடைக்காத நாட்டில் சோதித்துப் பார்ப்பார்கள். அந்தத் தட்டுப்பாடு எங்கட மெக்கானிக்குகளுக்குக் குடுத்த படிப்பு அதுதான்.

ஐயா ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்த ஆயுதம் ஒரு பின்லைற் பல்ப்பும் ரெண்டு துண்டு வயரும். என்னட்டை ஒரு மலிவு மீற்றர் இருந்தது. எஞ்சினை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, அது இருமத் தொடங்கினவுடன் நிற்பாட்டினார். கொயிலில் விரலை வைத்து உடனே எடுத்தார். "சோறு வேகும்" எண்டார். டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழட்டிப் பார்த்தால் பொயின்ற் ரெண்டும் நீலம் பாரித்துக் கருகி இருந்தது. "கரண்ட் கூடிப் பாயுது. கொயிலை அளவும் தம்பி." ரெண்டு வயரையும் கழட்டிப்போட்டு அளந்தேன். ஒண்டரை ஓம். "இந்தக் காருக்கு மூண்டு ஓம் வேணும்" எண்டார்.

இதை வடிவாகக் கேளுங்கோ, பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது காசு. பிறகு வந்த கன கார்களில் கொயிலுக்கு முன்னால் பலாஸ்ற் எண்ட ஒரு தடை இருக்கும். அதற்குரிய கொயில் ஒண்டரை ஓம். மைனர் போன்ற பழைய கார்களில் அந்தத் தடை இல்லை, அதனால் கொயிலே மூண்டு ஓம் இருக்க வேணும். வெளியில் பார்த்தால் ரெண்டும் ஒரே பேணி. ஒண்டரை ஓம் கொயிலை நேரே 12 வோல்ட்டில் பூட்டினால் 4 அம்பியருக்குப் பதிலாக 8 அம்பியர் பாயும். கொயிலும் அவியும், பொயின்றும் கருகும். ஆகவே எனக்குப் பூட்டின ரெண்டு கொயிலும் பழுதாகி வந்தவையல்ல. மாறிப் பூட்டப்பட்டவை.

"சரி ஐயா, அப்ப முதல் கொயில் ஏன் நிண்டது?" எண்டு கேட்டேன். மனைவி சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்தா. அதை அளந்தால் 3.2 ஓம். மெல்லிய கம்பிப் பக்கமும் அறுபடாமல் இருந்தது. பொயின்றையும் கொண்டென்சரையும் புதுசு போட்டு அந்தப் பழைய கொயிலைத் திரும்பப் பூட்டினோம். அரை மணித்தியாலம் நிண்ட நிலையில் ஓடியது. பொறி நல்ல நீல நிறம், சடார் எண்டு சத்தம். சூட்டிலும் மாறவில்லை.

பிறகு ஐயா செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். காபரேற்றரில் இருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகிற சின்னக் குழாயின் ஒரு நுனியைக் கழட்டி வாயில் வைத்து, குடிபானம் உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்சினார். எஞ்சின் அதே கணம் நிண்டுது. திரும்ப ஸ்ராட் பண்ணினோம். திரும்ப உறிஞ்சினார். திரும்ப நிண்டுது.

விஷயம் இதுதான். கார் றோட்டில் சமமாக ஓடும்போது எஞ்சினின் உறிஞ்சல் அந்தக் குழாய் வழியாகப் பொயின்ற் பூட்டியிருக்கிற தட்டைக் கொஞ்சம் திருப்பும். நிண்ட நிலையில் ஓடும்போது அந்த இழுப்பு இல்லை. அந்தத் தட்டுக்குப் போகிற சின்ன வயர் உறைக்குள்ளேயே அறுந்து, முனையோடு முனை முட்டிக்கொண்டு கிடந்தது. தட்டுத் திரும்பினால் விலகும், எஞ்சின் நிற்கும். கார் நிண்டவுடன் தட்டுப் பழைய இடத்துக்கு வரும், வயர் முட்டும், ஒண்டும் நடக்காத மாதிரி ஸ்ராட் ஆகும். கராச்சில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் ஒரு நாளும் பிடிபடாது. ஐயா அந்த வயரை மெல்ல இழுத்துக் காட்டினார், றப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு அறுந்தால்தான் வயர் அப்படி நீளும். விரல் நீள வயர் ஒண்டு மாற்றினோம். வருத்தம் போச்சு. ஆங்கிலேயர் லூக்காஸ் கொம்பனியை "இருட்டின் இளவரசர்" எண்டு பட்டம் வைத்துச் சிரிப்பார்கள். அந்த லூக்காஸ் கொயில், என்னை விட வயது கூடினது, இண்டைக்கும் என்னுடைய காரில் பொறி தள்ளுகிறது.

இனி, இந்த அனுபவத்தில் இருந்து ஐயா எனக்குச் சொல்லித் தந்த ஒழுங்கைச் சொல்கிறேன். எழுதி வைக்க விரும்புபவர்கள் எழுதலாம்.

முதலில் எச்சரிக்கை. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலைக்குக் கிட்டவும் போக வேண்டாம். பெற்றோல் மணம் அடித்தால் பொறி சோதிக்க வேண்டாம். தடித்த வயரைக் கையால் பிடிக்க வேண்டாம், றப்பர் பிடி போட்ட குறட்டால் பிடியுங்கோ.

முதலாவது, கார் செத்திருக்கும்போதே பாருங்கோ. ஆறி, உயிர் வந்த பிறகு சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சூட்டில் நிற்கிற கார் எல்லாவற்றுக்கும் கொயில் காரணமில்லை. சூட்டில் கொண்டென்சரும் சாகும், பெற்றோல் குழாய்க்குள் ஆவியாகி நிற்பதும் உண்டு. நிண்ட அந்த நிமிசத்தில் பொறி இருக்கா இல்லையா எண்டு பார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே பிரியும். பொறி இருந்தால் பெற்றோல் பக்கம் போங்கோ.

இரண்டாவது, டிஸ்ரிபியூட்டர் மூடியின் நடுவில் இருக்கிற தடித்த வயரைக் கழட்டி, அதன் நுனியை எஞ்சின் இரும்பில் இருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்து எஞ்சினைச் சுற்றிப் பாருங்கோ. அங்கே நல்ல நீலப் பொறி வந்தும் பிளக்கில் வராவிட்டால் கொயில் குற்றவாளி இல்லை. மூடி, றோட்டர், பிளக் வயர், பிளக் இவற்றைப் பாருங்கோ. ஒக்லாந்து ஈரத்துக்கு மூடிக்குள் பனி பிடிப்பது சாதாரணம். பென்சிலால் கீறின மாதிரிக் கறுத்தக் கோடு தெரிந்தால் அந்த வழியால் மின்சாரம் களவு போகுது எண்டு அர்த்தம்.

மூன்றாவது, அங்கேயும் பொறி இல்லாவிட்டால் பல்ப்பை எடுங்கோ. பல்ப்பின் ஒரு வயரை எஞ்சின் இரும்பில் வைத்து, சாவியைத் திறந்து, மற்ற வயரைக் கொயிலில் எஸ்.டபிள்யூ. எண்டு எழுதியிருக்கிற முனையில் தொடுங்கோ. அது சாவியில் இருந்து வரும் வெள்ளை வயர். பல்ப் எரியாவிட்டால் கொயிலுக்கு மின்சாரமே வரவில்லை. சாவியையும் வயரையும் பாருங்கோ.

நான்காவது, இனிச் சி.பி. எண்டு எழுதியிருக்கிற மற்ற முனையில் தொட்டுக்கொண்டு எஞ்சினை மெல்லச் சுற்றுங்கோ. பொயின்ற் திறக்கப் பல்ப் எரிய வேணும், மூட அணைய வேணும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பொயின்றில் அழுக்கு, அல்லது டிஸ்ரிபியூட்டருக்குள் வயர் அறுந்திருக்கு. எரியவே எரியாவிட்டால், டிஸ்ரிபியூட்டருக்குப் போகிற வயரைக் கொயிலில் இருந்து கழட்டிவிட்டுத் திரும்பத் தொடுங்கோ. இப்ப எரிந்தால் டிஸ்ரிபியூட்டருக்குள் எங்கேயோ இரும்பில் முட்டுது, கொண்டென்சராகவும் இருக்கலாம். இப்பவும் எரியாவிட்டால் மட்டும் கொயிலின் தடித்த கம்பி அறுந்திருக்கு. இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் "கொயில் போச்சு" எண்டு சொல்ல உரிமை உண்டு.

ஐந்தாவது, நாலாவது சோதனையில் எல்லாம் சரியாக இருந்தும் பொறி மெலிந்து மஞ்சளாக வந்தால் முதலில் கொண்டென்சரை மாற்றிப் பாருங்கோ. அதற்கும் சரி வராவிட்டால் சூட்டோடு கொயிலை மீற்றரால் அளவுங்கோ. தடித்த பக்கம் ஏறக்குறைய 3 ஓம், மெல்லிய பக்கம் சில ஆயிரம் ஓம். மீற்றர் சரியெண்டு சொன்னாலும் உள்ளே உறை பழுதாக இருக்கலாம், அதற்கு நல்லதெண்டு தெரிந்த ஒரு கொயிலை மாற்றிப் பார்ப்பதுதான் கடைசிச் சோதனை.

கொயில் உண்மையாகவே செத்திருந்தால், கொண்டது ஆர் எண்டு தேடுங்கோ. சாவியைத் திறந்து விட்டுவிட்டு எஞ்சின் ஓடாமல் இருந்து கதைத்துக்கொண்டிருந்தால், பொயின்ற் மூடின நிலையில் நிண்டால், கொயில் 48 வாட் அடுப்பு மாதிரிக் காயும். பிளக் இடைவெளி கூடினாலும், வயர் ஒண்டு கழன்று தொங்கினாலும், பாய வழி இல்லாத வோல்ட் கொயிலுக்குள்ளேயே ஓட்டை போடும். மைனருக்கு 25 தவ் இடைவெளி, அதாவது 0.64 மில்லிமீற்றர். அடுத்தது, மைனரில் பற்றறியின் பிளஸ் முனைதான் பொடியில் பூட்டப்பட்டிருக்கும். ஆகவே பிளஸ், மைனஸ் எண்டு எழுதின புதுக் கொயில் பூட்டும்போது பிளஸ் முனை டிஸ்ரிபியூட்டருக்குப் போக வேணும். மாறிப் பூட்டினாலும் கார் ஓடும், ஆனால் பொறி பாயக் கூட வோல்ட் தேவைப்படும், கொயில் வீணாகக் கஷ்டப்படும்.

"என்னட்டை இருக்கிறது ரொயோற்றாதானே" எண்டு யோசிப்பவர்களுக்கும் ஒண்டு சொல்கிறேன். இப்பத்தைய கன கார்களில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒவ்வொரு கொயில். கொம்பியூட்டரை மாட்டி, பி0301 எண்டு காட்டுது, முதலாவது கொயில் போச்சு எண்டு சொல்லுவார்கள். அந்த இலக்கம் முதலாம் சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை எண்டு மட்டும்தான் சொல்லும். காரணம் கொயிலாகவும் இருக்கலாம், பிளக்காகவும் இருக்கலாம், எண்ணெய் தெளிக்கிற இன்ஜெக்ரராகவும் இருக்கலாம். முதலாம் கொயிலை இரண்டாம் இடத்துக்கு மாற்றிப் பூட்டி ஓடிப் பாருங்கோ. பி0302 எண்டு வந்தால் கொயில்தான். திரும்பவும் பி0301 எண்டே வந்தால் கொயில் இல்லை. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இனிக் காசுக் கதை. நானும் மனைவியும் மீற்றரையும் ரெண்டு கொயிலையும் எடுத்துக்கொண்டு அந்தக் கராச்சுக்குப் போனோம். சண்டை பிடிக்கவில்லை. மேசையில் வைத்து அளந்து காட்டினோம். இந்த நாட்டில் 1993ஆம் ஆண்டு நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கிறது. எங்கட வீட்டுத் தேவைக்கு விற்கிற சாமான் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேணும், செய்கிற வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேணும் எண்டு அது சொல்கிறது. பிழை இருந்தால் முதலில் அவர்களுக்கே சரிசெய்யச் சந்தர்ப்பம் குடுக்க வேணும். சரிவராவிட்டால் டிஸ்பியூற்ஸ் றைபியூனல் இருக்கிறது, அங்கே சட்டத்தரணி தேவையில்லை. எப்படி எழுதுவது எண்டு தெரியாவிட்டால் சிற்றிசன்ஸ் அட்வைஸ் பியூறோவில் இலவசமாகச் சொல்லித் தருவார்கள். எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. ரெண்டு கொயிலின் காசும் திரும்ப வந்தது. கூலி வரவில்லை. எண்டாலும் தலையை ஆட்டிக் காசைக் குடுத்துவிட்டு வருகிற பழக்கம் எங்கட வீட்டில் அண்டையோடு நிண்டுது.

ஆகவே மூண்டு கேள்வியை எல்லோரும் பாடமாக்குங்கோ, ஆங்கிலம் குறைவெண்டாலும் கேட்கலாம். "என்ன சோதனை செய்து இதைக் கண்டுபிடித்தீர்கள்? இது ஏன் பழுதானது? பழைய சாமானைத் தருவீர்களா?" நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபிக்கமாட்டார், சந்தோசமாகக் காட்டுவார். அப்படியானவர்கள் ஒக்லாந்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கடைசியாக ஐயாவைப் பற்றி. அண்டைக்கு வேலை முடிய அவருடைய மகன் கூட்டிக்கொண்டு போக வந்தார். தகப்பன் கையெல்லாம் கிறீசோடு, நாலு பொடியளுக்கு நடுவில் நிண்டு விளக்கம் குடுத்துக்கொண்டிருந்தார். மகன் ஒண்டும் பேசவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன்னுடைய காரின் பொனற்றையும் திறந்துவிட்டு, "அப்பா, இதிலை ஒரு சத்தம் வருது, ஒருக்காப் பாருங்கோவன்" எண்டார்.

எங்கட சமூகத்தில் இப்படி எத்தனை பேர் இருக்கினம்? தையல் மெசின் திருத்தினவர், றேடியோ திருத்தினவர், கிணற்று மோட்டர் சுத்தினவர். இஞ்சை அவர்களுக்கு எழுத்தில் தகுதி இல்லை, அதனால் நாங்களும் அவர்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டு நினைத்துவிட்டோம். ஆகவே செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, இந்த மண்டபத்துக் கார் தரிப்பிடத்தை ரெண்டு மணித்தியாலம் தாருங்கோ. ஐயாவும் அவரைப் போன்றவர்களும் வரட்டும், எங்கட பிள்ளையளும் வரட்டும். ஆண் பிள்ளையள் மட்டுமில்லை, பொம்பிளைப் பிள்ளையளும். என்னுடைய மைனரை நான் கொண்டுவருகிறேன். பல்ப்பும் வயரும் ஐயாவிடம் இருக்கு.